ஒவ்வொரு சொல்லும் அவர் எழுதியது

"நான் வரலைன்னா வரலை. அவங்களே வாசிச்சு, அவங்களே மேஜையைத் தட்டிட்டு, அவங்களே வீட்டுக்குப் போகட்டும்."

"சம்பந்தி வீட்டுக்குச் சொல்லியாச்சு. மாப்பிள்ளை லீவு போட்டாச்சு. இப்ப வந்து..."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"பொண்டாட்டிக்குப் பாராட்டுன்னா புருஷன் யாரைக் கேட்டுச் சொல்லணும்? ஊரே கூடி..."

"பாராட்டா அது? முதல்ல படிச்சீங்களா?"

"படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். கண்ணுல தண்ணி வந்துது."

"எனக்கும் வந்துது. ஆனா அது வேற தண்ணி."

சாப்பாட்டு மேஜையின் மேல் அச்சடித்த இரண்டு தாள்கள் கிடந்தன. மின்விசிறிக்குப் பறக்காமல் இருக்க உப்பு ஜாடியை அவற்றின்மேல் வைத்திருந்தார் கணவர். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். ஆயுசு முழுக்க அடுத்தவன் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பழகியதால், வீட்டில் பேச்சு வேகமெடுத்தால் தன்னையறியாமல் வலது காலைத் தரையில் அழுத்துவார். இப்போதும் அழுத்திக்கொண்டுதான் இருந்தார். பேச்சு நிற்கவில்லை.

அவளுக்குச் சட்டமன்றத்தில் வேலை. உறுப்பினர் ஒருவரின் உதவியாளர். உதவியாளர் என்றால் காபி வாங்கிக் கொடுப்பவள் என்று சம்பந்தியம்மா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். அதைத் திருத்த அவள் மெனக்கெடவில்லை. உறுப்பினர் அவையில் எழுந்து கேட்கிற கேள்வி, கொண்டுவருகிற மசோதா, சொல்கிற பதில், விடுகிற நகைச்சுவை, சில நேரம் விடுகிற கண்ணீர் எல்லாமே அவள் மேஜையிலிருந்து போவதுதான். இந்த உறுப்பினருக்கு முன்னால் இருந்தவருக்கும் அவள்தான் எழுதினாள். ஆள் மாறினார், கட்சி மாறியது, மேஜை மாறவில்லை. இந்த வாரத்தோடு அவளுக்கு ஓய்வு.

அந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. நெடுநாள் வேலை பார்த்தவர் ஓய்வு பெற்றால், கூட்டத் தொடரின் கடைசி நாளில் உறுப்பினர் எழுந்து அவருக்கு ஒரு பாராட்டுரை வாசிப்பார். அப்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது. கேள்வி கேட்கக்கூடாது. எதிர் வரிசைக்காரர்களும் மேஜையைத் தட்ட வேண்டும். வாசித்து முடித்ததும் அது அந்த ஒருவர் பேச்சாக இல்லாமல் மொத்த அவையின் கருத்தாகக் குறிப்பில் ஏறிவிடும். பிறகு யாரும் அதைத் தொட முடியாது. சுருக்கெழுத்தாளருக்கு, வாசல் காவலருக்கு, நூலகப் பெண்ணுக்கு, சமையலறைத் தலைவருக்கு என்று எத்தனையோ பாராட்டுரைகளை அவளே எழுதியிருக்கிறாள். கல்யாண வீட்டில் யாரும் வழக்குப் பேச மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா?

இந்த உரை அவள் கைக்கு வந்த கதைதான் வேடிக்கை. உறுப்பினரிடம் புதிதாக ஒரு செய்திப் பொறுப்பாளர் சேர்ந்திருந்தார். கழுத்தில் டை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே சீப்பு. உரையை அடித்து முடித்ததும், அந்த அலுவலகத்தில் எல்லாத் தாளும் எந்த வழியாகப் போகுமோ அந்த வழியாகவே அதையும் அனுப்பிவிட்டார். அதாவது அவளிடம். 'உங்க பாராட்டுரை மேடம், பிழை இருந்தா திருத்திக் கொடுத்துடுங்க' என்று ஒரு குறிப்பும் வைத்திருந்தார். தன் திருமணத்துக்குத் தானே பந்தி பரிமாறுவது போல என்று அவள் முதலில் சிரித்துக்கொண்டுதான் படிக்க உட்கார்ந்தாள். இரண்டாவது தாளில் சிரிப்பு நின்றது.

"அந்த வரியை இன்னொரு தடவை படிங்க" என்றாள்.

கணவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மேடையில் நிற்பவர் மாதிரி குரலைச் சரிசெய்துகொண்டு படித்தார். 'தொழிற்கூடங்களின் கதவுகளைப் பற்றிய சட்டத்தில் ஒவ்வொரு சொல்லும் அவர் எழுதியது. நான் அதை இந்த அவையில் வாசித்தவன் மட்டுமே.'

"எவ்வளவு பெரிய மனசு பாரு" என்றார். "எந்த உறுப்பினர் இப்படி ஒத்துக்குவார்?"

"இத்தனை வருஷத்துல எத்தனை சட்டம் எழுதியிருக்கேன்? குடிதண்ணி, பள்ளிக்கூடப் பேருந்து, மருந்துக்கடை. எதுக்காவது என் பேரைச் சொல்லியிருக்காரா?"

"இல்ல."

"இதுக்கு மட்டும் எதுக்குச் சொல்றார்?"

கணவரின் கால் தரையை அழுத்தியது.

"போன மாசம் பத்திரிகைக்காரங்க கேட்டப்ப 'யார் மேல தப்புன்னு விசாரிக்கிறோம்'னு சொன்னார் இல்ல? விசாரிச்சு முடிச்சுட்டார். நான்தான்."

அந்தச் சட்டத்தின் கதை இதுதான். சில வருஷங்களுக்கு முன்பு, சாயப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள் அலுவலகப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். உறுப்பினரைப் பார்க்க முடியாதென்று எல்லாரும் சொல்லியும் எழுந்து போகவில்லை. கடைசியில் உதவியாளரே வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரவு வேலைக்கு ஆள் உள்ளே போனதும் முதலாளி வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுகிறார் என்றாள் அந்த அம்மாள். துணி திருட்டுப் போகிறதாம். உள்ளே இருக்கிற மனுஷரை யாரும் திருட மாட்டார்கள் என்று அவருக்குத் தைரியம் போலிருக்கிறது என்று அவள் சொன்னபோது இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்த பிறகு உதவியாளர் உள்ளே போய் ஒரு பிரிவு எழுதினாள். உள்ளே ஒருவர் இருந்தாலும் கதவு உள்ளிருந்து திறக்க வேண்டும். அவ்வளவுதான். அவள் எழுதியதிலேயே சின்ன வாக்கியம் அது. பள்ளிக்கூடப் பிள்ளை படித்தாலும் புரியும். இதை யாரும் வளைக்க முடியாது என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் முதலாளிகள் சங்கத்தார் வந்து உறுப்பினரின் அறையில் வெகுநேரம் இருந்தார்கள். அவர்கள் போன பிறகும் அறையில் அத்தர் வாசனை போகவில்லை. உறுப்பினர் வாயில் தொண்டை மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு அவள் அறைக் கதவருகே வந்து நின்றார். ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கு என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடச் சொன்னார். ஐம்பது பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் காவல்காரன் இருப்பான், பூட்டுப் போடுவதெல்லாம் சின்ன இடங்களில்தான், இதைச் சேர்த்தால் சட்டம் யாருக்காக வந்ததோ அவர்களுக்கு இல்லாமல் போய்விடும் என்று அவள் எடுத்துச் சொன்னாள். அவர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். எழுதத்தான் நீங்கள் இருக்கிறீர்கள், தீர்மானிக்க நான் இருக்கிறேன் என்றார். அதுவும் உண்மைதான். வாக்கு வாங்கி வந்தவர் தீர்மானிப்பார், உதவியாளர் எழுதுவாள். அந்த வேலையே அப்படித்தான். அவள் சேர்த்தாள்.

சட்டம் வந்தது. இருபது முப்பது பேர் வேலை செய்த ஒரு பட்டறையில் இந்த வருஷம் தீப்பிடித்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது. அங்கே இரவு வேலையில் இருந்த சாயப் பட்டறை அம்மாளின் மகள் மாடி ஜன்னலிலிருந்து குதித்தாள். உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உதவியாளரைப் பார்த்ததும் அந்த அம்மாள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. சட்டம் வந்துவிட்டது என்று சொன்னீர்களே, எங்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். உறுப்பினரின் அறைக்குள் பேசியது அறையைத் தாண்டக்கூடாது என்பது உதவியாளர் வேலையின் முதல் பாடம். விசாரணை நடக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு இவள் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

"எழுதின கை என்னுதுதாங்க" என்றாள் கணவரிடம். "அதை நான் மறைக்கல. ஆனா சொன்ன வாய் ஒண்ணு இருக்கில்ல? விசாரணைக் குழு அடுத்த வாரம் உக்காருது. அதுக்கு முன்னால அவையே ஒரு மனசாச் சொல்லிடும், ஒவ்வொரு சொல்லும் இவளோடதுன்னு. வெட்டப்போற ஆட்டுக்கு மாலை போட்டா, அது அழகுக்குன்னு நினைக்கறீங்களே."

கணவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, பொறுத்துப் போவதில்தான் மரியாதை இருக்கிறது என்றும், வெளியே வந்த பிறகு அவளுக்கென்று பேச யார் இருக்கிறார்கள் என்றும், பெரிய இடத்துப் பகையை வாங்கிக்கொண்டு ஓய்வு பெற வேண்டாம் என்றும் தணிந்த குரலில் சொன்னார். சம்பந்தியம்மா இதற்கென்று புதுச் செருப்பு வாங்கியிருப்பதையும் இடையில் ஒருமுறை சொல்லிவைத்தார். அந்தச் செருப்புக்காகவாவது நான் பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் தாள்களை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் போனாள். அந்த நடைபாதையில் கதவுக்குக் கதவு உறுப்பினர்களின் பெயர்ப் பலகை. பலகைக்குப் பின்னால் ஒரு பெரிய அறை, அதை ஒட்டி ஒரு சின்ன அறை. சின்ன அறைகளுக்குப் பெயர் கிடையாது. அவள் அறையில் ஒரு மேஜை, அச்சு இயந்திரம், வாக்கெடுப்பு என்றால் அலறும் மணி, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குளிர்சாதனப் பெட்டிகள் தெரியும். மேஜை இழுப்பறையில் உறுப்பினருக்கென்று தொண்டை மிட்டாய் டப்பா. அவருக்கு எழுத்து மங்கலாகத்தான் தெரியும். ஆனால் கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று அவையில் போட மாட்டார். அதனால் அவர் வாசிக்க வேண்டியதை எல்லாம் அவள் கட்டை விரல் அகலத்துக்குப் பெரிய எழுத்தில் அடித்து, மூச்சு விட வேண்டிய இடத்தில் ஒரு கோடும் போட்டுக் கொடுப்பாள். இந்த விஷயம் அவளுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

சீப்பு வந்ததும் அந்த வரியை எழுதியது யார் என்று கேட்டாள்.

மற்றதெல்லாம் தான் எழுதியது என்று அவர் பெருமையோடு சொன்னார். அவள் பெஞ்சில் வந்து உட்காரும் ஏழைகளைப் பற்றிய பத்தி, அவள் எல்லாருக்கும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதைப் பற்றிய பத்தி எல்லாம் அவருடையது. அந்த ஒரு வரி மட்டும் உறுப்பினரே சொன்னதாம். நின்றுகொண்டே சொன்னாராம். இரண்டு முறை திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

"சார் தன் வாயால சொன்ன ஒரே வரி அதுதான் மேடம்" என்றார் சீப்பு. "நீங்க பெருமைப்படணும்."

இத்தனை காலத்தில் அந்த மனிதர் சொந்தமாக ஒரே ஒரு வாக்கியம் யோசித்திருக்கிறார். அந்த ஒன்றில், ஒவ்வொரு சொல்லும் அவள் எழுதியது என்று சொல்லியிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பதா, மேஜையைப் புரட்டிப்போடுவதா என்று தெரியவில்லை. சீப்பைக் கோபித்துக்கொண்டு பயனில்லை. அவர் சொன்னதை அடிப்பவர். அவளும் அப்படித்தான் ஆரம்பித்தாள். நேராகப் பெரிய அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

உறுப்பினர் எழுந்து வரவேற்றார். அது ஒன்றே புதிது. வாங்கம்மா, உட்காருங்க, இன்றைக்கு நீங்கள் எனக்கு வேலை செய்யக்கூடாது என்றார். அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று அவள் உட்காராமலே சொன்னாள். எந்த வரி என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பணிவாக ஒரு வார்த்தை சொன்னால் அதையும் தப்பாக எடுத்துக்கொள்கிறீர்களே என்றார். உங்கள் உழைப்பை ஊர் அறிய வேண்டாமா என்றார். தாராளமாக அறியட்டும், அப்படியென்றால் இன்னொரு வரியும் சேர்த்துவிடுங்கள், 'ஐம்பது பேர் என்ற வார்த்தையை மட்டும் நான் சேர்க்கச் சொன்னேன்' என்றும் வாசியுங்கள் என்றாள் அவள். அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நான் மனசு விட்டுப் பேசறேன்" என்றார். "உங்களுக்கு இனிமே என்ன ஆகப்போகுது? பதவியா போகப்போகுது? ரெண்டு நாள் பேசுவாங்க, மூணாம் நாள் மறந்துடுவாங்க. நீங்க வீட்ல நிம்மதியா இருப்பீங்க. எனக்குத் தேர்தல் வருது. நான் இருந்தா இன்னும் நாலு பேருக்கு நல்லது பண்ணலாம் இல்ல?"

"அந்தப் பொண்ணுக்குப் பண்ணீங்களே, அந்த மாதிரியா?"

"வார்த்தையை அளந்து பேசுங்க."

"நீங்க பேசினதெல்லாம் நான் அளந்து கொடுத்ததுதான் ஐயா. இது ஒண்ணுதான் அளக்காம வருது."

அவர் முகம் சிவந்தது. மிட்டாய் டப்பாவைத் தேடினார், அது அவள் இழுப்பறையில் இருந்ததால் கிடைக்கவில்லை. அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டாள், அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை, அவளிடம் பொய் சொன்னதாக மட்டும் என்னை ஆக்கிவிடாதீர்கள் என்று அவள் கடைசியாகச் சொன்னபோது குரல் கொஞ்சம் உடைந்தது. அதை அவர் கவனித்தார். ஆளை எடைபோடத் தெரிந்தவர். உடனே இறங்கி வந்துவிட்டார். நீங்கள் எனக்கு அக்கா மாதிரி, நீங்கள் கேட்டு எதை நான் இல்லை என்றிருக்கிறேன், எடுத்துவிடுங்கள், உங்கள் கையாலேயே அடித்துவிட்டுப் புதிதாக எடுத்து என் கோப்பில் வையுங்கள் என்றார்.

அவள் சின்ன அறைக்கு வந்து அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தாள். பெரிய எழுத்தில் புதிதாக அச்சடித்து, மூச்சுக் கோடுகள் போட்டு, அவர் கோப்பில் வைத்தாள். அவள் வைத்த தாளைத் தவிர வேறெதையும் அவர் அவையில் வாசித்ததே இல்லை. அதனால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. வீட்டுக்குத் தொலைபேசியில், நாளைக்கு வருகிறேன், சம்பந்தியம்மாவின் செருப்பு பிழைத்தது என்று சொன்னாள். கணவர் மறுமுனையில் பெருமூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

கடைசி நாள் கூட்டம். பார்வையாளர் மாடம் என்பது அவைக்கு மேலே, இடுப்பளவு கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் நாலைந்து வரிசை நாற்காலிகள்தான். கீழே உறுப்பினர்களின் வழுக்கைகளும் சாயம் பூசிய தலைகளும் தெரியும். இங்கே இருமினால் அங்கே கேட்கும். அதனால் மாடத்தில் பேசக்கூடாது என்று படிக்குப் படி எழுதி ஒட்டி, ஒரு காவலரையும் நிறுத்தியிருப்பார்கள். அவள் இத்தனை காலமும் கீழே கதவுக்குப் பின்னாலேயே நின்றவள். மேலே வந்து உட்காருவது இதுவே முதல் தடவை. மகளும் மாப்பிள்ளையும் பின் வரிசையில் இருந்தார்கள். சம்பந்தியம்மா அவள் காதருகே குனிந்து, நீங்கள் இவ்வளவு பெரிய இடத்தில் வேலை பார்த்தீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, நான் காபி என்று நினைத்தேனே என்று வெட்கப்பட்டார்.

அப்போது சீப்பு படியேறி வந்தார். பின்னால் சாயப் பட்டறை அம்மாள். மேடத்தால் நன்மை அடைந்தவர்கள் என்று பழைய விண்ணப்பக்காரர்களில் சிலரைக் கூப்பிட்டதாகவும், இந்த அம்மாள் மட்டும்தான் வந்ததாகவும், கார் அனுப்பியதாகவும் சீப்பு மகிழ்ச்சியோடு சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த மகிழ்ச்சியில் கள்ளமே இல்லை. விரல் நகங்களில் நீலம் இன்னும் போகாத அந்த அம்மாள், ஆஸ்பத்திரியில் மகள் தூங்கும் நேரம் பார்த்து வந்ததாகச் சொன்னாள். உங்களுக்கு மரியாதை செய்கிறார்கள் என்றார்கள், நல்ல விஷயம்தானே, வராமல் இருக்கலாமா என்றாள். கணவர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு மனைவிக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தார்.

பேரவைத் தலைவர் பெயரைச் சொன்னார். உறுப்பினர் எழுந்தார். கோப்பைத் திறக்கவில்லை. சட்டைப் பைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். பிரித்தார். கையை முழுக்க நீட்டிப் பிடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு முதல் வரியைத் தடுமாறித் தடுமாறி வாசித்தார்.

எழுத்துச் சிறிது. அது அவள் அடித்த தாள் இல்லை.

மேலிருந்து பார்த்தவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியவில்லை. மூச்சுக் கோடு இல்லாததால் தப்பான இடங்களில் நிறுத்தினார், அதை எல்லாரும் உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்த ஏழைகள் வந்தார்கள். பிறந்தநாள் வாழ்த்துகள் வந்தன. எதிர் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் பெயர் வந்தபோது இரண்டு பக்கமும் மேஜைகள் அதிர்ந்தன, பின்வரிசையில் மகள் விசும்பினாள். அந்த வரி வந்தது. இரண்டு முறை திருப்பிப் படிக்கச் சொல்லிப் பாடம் செய்திருந்ததால் அந்த ஒன்றை மட்டும் அவர் தாளைப் பார்க்காமலே, நிமிர்ந்து, தெளிவாகச் சொன்னார். தொழிற்கூடங்களின் கதவுகளைப் பற்றிய சட்டத்தில் ஒவ்வொரு சொல்லும் அவர் எழுதியது. நான் அதை இந்த அவையில் வாசித்தவன் மட்டுமே.

மேஜைகள் மறுபடி அதிர்ந்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவே சாயப் பட்டறை அம்மாள் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"கதவுச் சட்டமா சொல்றாங்க?"

"ஆமா."

"ஐம்பது பேருக்கு மேல இருந்தாத்தான் சட்டம்னு போலீஸ்காரர் சொன்னாரே, அந்த ஐம்பது பேரு, அதை நீங்கதான் போட்டீங்களா?"

அவளுக்கு வாய் திறக்கவில்லை. அறைக்குள் பேசியது அறையைத் தாண்டக்கூடாது. ஆயுசு முழுக்கக் காத்த நாக்கு, இப்போதும் காத்துக்கொண்டுதான் நின்றது. அந்த அம்மாளின் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. ஏதோ கணக்குத் தப்பிப்போன ஆள் மாதிரி, மறுபடி முதலிலிருந்து யோசிப்பவள் மாதிரி, கீழே பார்த்தாள், இவளைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.

வழக்கப்படி, வாசித்து முடித்ததும் பாராட்டப்பட்டவர் மாடத்தில் எழுந்து நின்று தலை தாழ்த்த வேண்டும். அதற்காக அவை மொத்தமும் ஒரு நிமிஷம் வாய் மூடி மேலே பார்க்கும். அப்புறம் தலைவர் சுத்தியலைத் தட்டுவார், எல்லாம் குறிப்பில் ஏறிவிடும். அவை மேலே பார்த்தது. தலைவர் புன்னகையோடு பார்த்தார். உறுப்பினரும் பார்த்தார். அவர் முகத்தில், எப்படியும் நீங்கள் பேச மாட்டீர்கள் என்று எழுதியிருந்தது. அதற்கு மட்டும் அவருக்குப் பெரிய எழுத்துத் தேவைப்படவில்லை.

"எழுந்திரு" என்றார் கணவர், அவள் காதில் மட்டும் விழும்படி. நேற்று வரை பொறுத்துப் போ என்றவர். "எழுந்திரும்மா. தலையைத் தாழ்த்தாதே."

அவள் எழுந்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தலையைத் தாழ்த்தவில்லை. தாழ்த்துவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். சுத்தியலை எடுத்த தலைவரின் கை அப்படியே நின்றது. அவள் வாயைத் திறப்பதைப் பார்த்ததும் மாடத்துக் காவலர் படியில் இரண்டு எட்டு இறங்கினார். பாராட்டுரையின்போது யாரையும் இழுத்துக்கொண்டு போகும் வழக்கம் இல்லாததால், என்ன செய்வதென்று தெரியாமல் பாதியில் நின்றுவிட்டார்.

அவளுக்குச் சத்தம் போடத் தெரியாது. போட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவ்வளவு அமைதி.

"ஐயா, 'ஐம்பது பேருக்கு மேல'ங்கிற வார்த்தையைச் சேர்க்கச் சொன்னது யாருன்னு மட்டும் இந்த அம்மாவைப் பாத்துச் சொல்லிட்டு உக்காருங்க."